மடக்குக் கத்தியைச் செய்தவர் யார்? கண்டறியும் முறை

பழைய மடக்குக் கத்தி ஒன்றைச் செய்தவர் யார் என்று அறிய விரும்புவோர் முதலில் பார்க்க வேண்டிய இடம், அலகு பிடியோடு சேரும் அடிப்பகுதியாகும். கூர் தீட்டப்படாத அந்தச் சிறு பரப்பில்தான் பெரும்பாலும் முத்திரை அடிக்கப்பட்டிருக்கும். பல அலகுகள் இருந்தால் ஒவ்வொன்றையும் திறந்து, இரு பக்கங்களையும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்தால், தேய்ந்துபோன எழுத்துகளும் நிழல் விழுந்து புலப்படும். துரு மூடியிருந்தால் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஊறவைத்து, மரக்குச்சியால் மெல்ல நீக்கலாம். உப்புத்தாளை மட்டும் எக்காரணம் கொண்டும் பயன்படுத்தாதீர்கள். அது துருவோடு முத்திரையையும் தேய்த்துவிடும், அழிந்த முத்திரையை மீட்பது மிகக் கடினம்.

சில கத்திகளில் பெயருக்குப் பதிலாகக் குறி மட்டுமே இருக்கும். நட்சத்திரமும் சிலுவையும் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரைச் சேர்ந்த ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனத்தையும், இரட்டையர் உருவம் ஜெர்மனியின் சோலிங்கன் நகரைச் சேர்ந்த ஹென்கெல்ஸ் நிறுவனத்தையும், முடிசூடிய கை பிரான்சின் ஒபினெல் நிறுவனத்தையும் காட்டுகின்றன. அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம் இறக்குமதிப் பொருள்களில் நாட்டின் பெயரைக் கட்டாயமாக்கியதால், 'இங்கிலாந்து' என்றோ 'ஜெர்மனி' என்றோ பொறித்த கத்தி பெரும்பாலும் 1891க்குப் பிற்பட்டதாகவே இருக்கும். அமெரிக்காவின் கேஸ் நிறுவனம் 1970இல் முத்திரையின் கீழ் பத்துப் புள்ளிகளை இட்டு, அடுத்தடுத்த ஆண்டுகளில் ஒவ்வொன்றாகக் குறைத்துவந்தது. ஆகவே அந்த வரிசையில் ஏழு புள்ளிகள் உள்ள கத்தி 1973இல் செய்யப்பட்டது. ஆண்டை இவ்வளவு தெளிவாகச் சொல்லும் முத்திரைகள் அரியவை.

முத்திரையில் உள்ள பெயர் எப்போதும் செய்தவருடையது அன்று. இரும்புச் சாமான் வணிகர்கள் பலர், பட்டறைகளில் செய்வித்த கத்திகளில் தங்கள் பெயரையே பொறிக்கச் செய்தனர். லகியோல் என்பது ஒரு பிரெஞ்சு ஊரின் பெயராக இருந்தாலும், அப்பெயர் பொறித்த கத்திகளில் பல தியேர் நகரில் உருவானவை. அவற்றின் முதுகிலுள்ள தேனீ உருவத்தையும் பல பட்டறைகள் பயன்படுத்துவதால், அதை மட்டும் வைத்து யாரையும் அடையாளம் காண முடியாது. இத்தகைய கத்திகளில் உடலமைப்பைத்தான் சான்றாகக் கொள்ள வேண்டும்: பிடியின் முனைகளில் உள்ள உலோக மூட்டின் வடிவம், பிடியில் பதித்த சிறு தகடு, அலகைத் திறக்க நகம் வைக்கும் பள்ளத்தின் நீளம், உட்தகடு பித்தளையா இரும்பா என்பது ஆகிய அனைத்தையும் குறித்துக்கொண்டு, அக்கால நிறுவனங்களின் விலைப்பட்டியல் படங்களோடு ஒப்பிடுங்கள். அலகுகளின் முத்திரைகள் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டாலோ, பிடியின் ஆணித்தலைகளில் புதிய சுத்தியல் தடம் தெரிந்தாலோ, ஓர் அலகு பின்னாளில் மாற்றப்பட்டிருக்கக்கூடும். அப்போது அதன் முத்திரையைக் கொண்டு முழுக் கத்திக்கும் பெயர் சூட்டாதீர்கள்.