பிள்ளைக்குக் குளூட்டன் ஆகாது என்றால் வீட்டில் எதை, எப்படி மாற்றுவது

என் மகளுக்கு ஆறு வயதில் சீலியாக் நோய் என்று தெரிந்தது. கோதுமை, பார்லி, ரை என்ற மூன்று தானியங்களிலும் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால் அவள் உடம்பே அவளுடைய சிறுகுடலைத் தாக்கும். இதற்கு மாத்திரை கிடையாது. சாப்பாட்டைத்தான் மாற்ற வேண்டும், அதுவும் ஆயுளுக்கும். இதைக் கேட்டுவிட்டு வந்த அன்று மாலையே அலமாரியைத் திறந்து கோதுமை மாவு, மைதா, ரவை, சேமியா எல்லாவற்றையும் மூட்டை கட்டினேன்.

நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். முதலில் வீட்டில் மற்றவர்களுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். பெற்றோர், உடன்பிறந்தவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு இதே நோய் இருக்க வாய்ப்புண்டு. வெளியே ஒன்றுமே தெரியாமல்கூட இருக்கலாம். அந்தப் பரிசோதனையோ, குளூட்டன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் உடம்பில்தான் சரியாகக் காட்டும். நான் எல்லோரையும் ஒரே நாளில் நிறுத்திவிட்டதால், பெரியவனுக்கு மறுபடி பல வாரம் ரொட்டி கொடுத்துப் பரிசோதிக்க வேண்டியதாயிற்று. தங்கை எதிரில் உட்கார்ந்து அவன் ரொட்டி தின்ற அந்த வாரங்களை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது, என் மேல்தான்.

அடுத்தது, ஒரே சமையலா, இரண்டு சமையலா? முதல் மாதம் அவளுக்குத் தனி, எங்களுக்குத் தனி என்று செய்து பார்த்தேன். எனக்கு இடுப்பு போனது. அவளுக்கு மற்றவர் தட்டையே பார்த்துக்கொண்டிருக்கும் பழக்கம் வந்தது. இப்போது இரவுச் சாப்பாடு எல்லோருக்கும் ஒன்றுதான், குளூட்டன் இல்லாதது. அரிசி, சோளம், உருளைக்கிழங்கு, பருப்பு, முட்டை, மீன், கறி, காய், பழம் என்று இயல்பிலேயே குளூட்டன் இல்லாதவை இவ்வளவு இருக்கும்போது அது ஒன்றும் தியாகம் இல்லை. காலையில் மட்டும் அப்பாவும் அண்ணனும் ரொட்டி சாப்பிடுவார்கள். அதற்கென்று சமையல் மேடையின் இடது மூலையை ஒதுக்கியிருக்கிறோம். ரொட்டி அந்த மூலையைத் தாண்டாது.

இவ்வளவு செய்தும் மூன்றாம் மாதம் அவளுக்குத் திரும்ப வயிறு உப்பியது, எதற்கெடுத்தாலும் அழுகை. பொட்டலங்களை எல்லாம் மறுபடி படித்தோம், தப்பு எதுவும் இல்லை. ஒருநாள் அவளுக்காக அரிசி மாவு சலித்துவிட்டு, சல்லடையைத் தட்டுவதற்காக விளக்குக்கு நேரே தூக்கினேன். வலை விளிம்போடு சேரும் இடத்தில், சுற்றிலும் ஈறு மாதிரி, பழைய மாவு சாம்பல் நிறத்தில் இறுகிக் கிடந்தது. பல வருடக் கோதுமை. ஊசியால் குத்திப் பார்த்தேன், சில்லு சில்லாகப் பெயர்ந்தது. தினமும் தேய்த்துக் கழுவிய சல்லடைதான் அது.

ஆகவே முதல் நாளே புதிதாக வாங்க வேண்டியவை: சல்லடை, மரக்கரண்டி, மரப் பலகை, உருட்டுக்கட்டை, டோஸ்டர், கீறல் விழுந்த வாணலி. எஃகும் கண்ணாடியும் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவினால் போதும். சூடு காட்டினால் போய்விடும் என்று நினைக்காதீர்கள், குளூட்டன் கிருமி இல்லை. மைதா தோய்த்துப் பொரித்த எண்ணெயும், நூடுல்ஸ் வேகவைத்த தண்ணீரும் அவளுக்கு ஆகாது. அப்புறம் வெண்ணெய். ரொட்டியில் தடவிய கத்தி திரும்ப டப்பாவுக்குள் போகும், துகள் அங்கேயே தங்கும். அவளுடைய வெண்ணெய், ஜாம் டப்பாக்களுக்குச் சிவப்பு நாடா ஒட்டி மேல் தட்டில் வைத்திருக்கிறேன். கீழ்த் தட்டில் வைத்தால் மேலிருந்து கொட்டும்.

பொட்டலத்தில் ‘கோதுமை இல்லை’ என்று இருந்தால் நம்பிவிடாதீர்கள். பார்லி மால்ட், அதாவது முளைகட்டிய பார்லி, இருக்கலாம். சத்து பானப் பொடி, சூப் பொடி, சோயா சாஸ், சாக்லேட் எல்லாவற்றிலும் அது அல்லது கோதுமை ஒளிந்திருக்கும். ‘குளூட்டன் இல்லாதது’ என்று எழுத சர்வதேச உணவு விதிப்படி கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அந்தச் சொல்லைத் தேடுங்கள். ஓட்ஸில் மற்ற தானியம் கலந்துவிடும், சில பிள்ளைகளுக்குச் சுத்தமான ஓட்ஸும் ஒத்துக்கொள்வதில்லை. டாக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

உறவினர்கள்தான் கஷ்டம். “கொஞ்சம் சாப்பிட்டால் என்ன ஆகிவிடும்?” என்று கேட்பார்கள். நான் வாதாடுவதில்லை, கணக்குச் சொல்கிறேன். தினமும் 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் உள்ளே போனாலே குடல் கெடும் என்று சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஒரு ரொட்டித் துண்டில் சுமார் 2 கிராம் இருக்கும். துண்டை நாற்பது பங்கு போட்டால் ஒரு பங்கு, அவ்வளவுதான். “எங்கள் காலத்தில் இதெல்லாம் ஏது?” என்றால், இருந்தது, காரணம்தான் தெரியவில்லை. டிக்கி என்ற நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர் 1950-இல் தன் ஆய்வேட்டில் கோதுமைதான் காரணம் என்று காட்டும்வரை, பிள்ளைகள் ஏன் மெலிகிறார்கள் என்றே புரியாமல்தான் இருந்தது.

பள்ளியில் ஆசிரியரிடம் ஒரு டப்பா கொடுத்து வையுங்கள், பெயர் எழுதி, அவளுக்குப் பிடித்த தின்பண்டம் போட்டு. யாராவது திடீரென்று கேக் கொண்டுவந்தால் அவள் கையிலும் ஏதாவது இருக்கும். விளையாட்டு மாவையும் மறக்காதீர்கள், பெரும்பாலும் கோதுமை மாவுதான். தோலில் பட்டால் ஒன்றும் இல்லை, கை வாய்க்குப் போகுமே. அரிசி மாவில் நானே பிசைந்து அனுப்பினேன்.

ஆறு மாதம் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனையில், இந்த நோயைக் காட்டும் எதிர்ப்புப்பொருளின் அளவு இறங்கியிருந்தது, சரியான அளவுக்கு இன்னும் வரவில்லை. வருடக்கணக்கில்கூட ஆகலாம் என்றார்கள், பயப்பட வேண்டாம். இரும்புச் சத்தையும் எடையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பிறந்தநாள் விருந்துக்கு முந்தின நாளே அந்த வீட்டு அம்மாவிடம் பேசி, என்ன கேக், என்ன நிறம் என்று கேட்டுவிடுவேன். போன மாதம் நீல நிறம். நானும் அரிசி மாவில் நீலமாக ஒரு சின்ன கேக் செய்து கொடுத்தேன். அங்கே கேக் வெட்டியதும் அந்த அம்மா அதே கத்தியோடு இவளிடம் வர, “அத்தை, எனக்கு வேற கத்தி” என்றாளாம். கிடைக்கவில்லையாம். கையாலேயே பிய்த்துச் சாப்பிட்டுவிட்டு, சட்டையெல்லாம் நீலமாக வந்து நின்றாள்.