சுவர் வரை நகரும் தட்டு

எங்கள் நாய் உலர் தீவனத்தை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தது. சரி, நாமே சமைத்துப் போடலாம் என்று இறங்கினேன். ஒரே நாளில் அடியோடு மாற்றியதுதான் தப்பு. இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. தரையைத் துடைத்துத் துடைத்து என் இடுப்பு ஒடிந்தது.

அப்புறம் நிதானமாகப் போனேன். முதலில் கால் பங்கு மட்டும் புதுச் சாப்பாடு, சில நாள் கழித்துப் பாதி, பிறகு முக்கால். முழுதாக மாற 10 நாள் ஆனது.

எலும்பில்லாத கோழிக்கறியைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு, மூடி போட்டு, சிறு தீயில் வேகவைப்பேன். கறியின் நடுவில் 74 டிகிரி செல்சியஸ் வந்ததும் இறக்கிவிடுவேன். அதற்கு மேல் வைத்தால் நாராகிவிடும். வெந்த தண்ணீரைக் கொட்டாமல், கேரட், பூசணியோடு சேர்த்துப் பிசைந்துவிடுவேன். உப்பு கிடையாது. வெங்காயம், பூண்டு வாசனையே ஆகாது. அவை நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வெந்த எலும்பு சில்லுசில்லாக உடைந்து குடலைக் குத்தும், அதுவும் வேண்டாம்.

நான் கோட்டைவிட்டது கால்சியத்தில். வெறும் கறியில் அது மிகக் குறைவு. கால்நடை மருத்துவர் எடை பார்த்து, எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்.

இப்போது தட்டை நக்கி நக்கிச் சுவர் வரை தள்ளிக்கொண்டே போகிறது.