ராசி யுகங்களைக் கணக்கிட்டு வரலாற்றோடு ஒப்பிடுவது எப்படி?

கும்ப யுகம் பிறந்துவிட்டது என்பவரும், இன்னும் 400 ஆண்டு இருக்கிறது என்பவரும் பார்ப்பது ஒரே வானத்தைத்தான். ராசியின் எல்லையை எங்கே வைக்கிறார்கள் என்பதில்தான் வேறுபாடு. மனித உணர்வின் வளர்ச்சியை ராசி யுகங்களோடு பொருத்திப் பார்க்க விரும்புபவர், வரலாற்றுப் புத்தகத்தைத் திறக்கும் முன்பே அந்த எல்லையை முடிவு செய்து எழுதி வைத்துவிட வேண்டும். பிறகு அதை மாற்றக் கூடாது.

பூமியின் அச்சு மெல்லத் திசை மாறுவதால், மார்ச் 20 வாக்கில் சூரியன் வான நடுவரையைக் கடக்கும் வசந்த விஷுவப் புள்ளி, விண்மீன்களின் பின்னணியில் ஆண்டுக்குச் சுமார் 50.3 விகலை (ஒரு பாகைக்கு 3,600 விகலை) பின்னோக்கி நகர்கிறது. அந்தப் புள்ளி எந்த ராசியில் இருக்கிறதோ, அந்த ராசியின் பெயரே அந்தக் கால யுகத்துக்கு. ஒரு பாகை நகர 71.6 ஆண்டு, ஒரு ராசியைக் கடக்க ஏறத்தாழ 2,150 ஆண்டு. நகர்வு பின்னோக்கி என்பதால் யுகங்களின் வரிசை ரிஷபம், மேஷம், மீனம், கும்பம் என்று தலைகீழாக வரும். ஜோதிட மென்பொருளில் சாயன முறை (விஷுவப் புள்ளியிலிருந்தே ராசிகளை எண்ணுவது) தேர்வாகியிருந்தால் இந்தக் கணக்கே வராது; அதில் விஷுவப் புள்ளி எப்போதும் மேஷம் 0 பாகையிலேயே நிற்கும். விண்மீன்களை வைத்து ராசிகளை எண்ணும் நிராயன முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கணக்கு எளிது. 30 பாகையிலிருந்து இன்றைய அயனாம்சத்தை, அதாவது இந்த இரு முறைகளின் மேஷத் தொடக்கங்களுக்கும் இடையிலான வித்தியாசத்தை, கழித்து, மீதியை 71.6ஆல் பெருக்குங்கள். இந்தியாவில் பரவலாகப் பயன்படும் லாகிரி அயனாம்சம் 2025 தொடக்கத்தில் ஏறத்தாழ 24 பாகை 12 கலை. மீதி 5 பாகை 48 கலை, அதாவது 5.8 பாகை. பெருக்கினால் 415 ஆண்டு. கும்ப யுகம் 2440ஐ ஒட்டித் தொடங்கும். கலையைத் தசமமாக்க 60ஆல் வகுக்க வேண்டும். 5.48 என்று எழுதிப் பெருக்கினால் 20 ஆண்டுக்கு மேல் பிசகும். மேற்கத்திய நிராயனக்காரர்களின் ஃபேகன்-பிராட்லி அயனாம்சத்தில் இதே கணக்கு 2376 பக்கம் வந்து நிற்கும். ராமன் அயனாம்சத்தில் 2540ஐத் தாண்டும். சம அளவு ராசிகளை விட்டுவிட்டு, சர்வதேச வானியல் சங்கம் வரையறுத்த விண்மீன் குழு எல்லைகளை எடுத்தால் 2600க்கு அருகே போய்விடும்.

பழைய இந்திய வானியல் நூலான சூரிய சித்தாந்தத்தை அப்படியே பின்பற்றுபவருக்குக் கும்ப யுகமே கிடையாது என்பது பலருக்குத் தெரியாது. அதன்படி அயனம் முழு வட்டம் சுற்றுவதில்லை; இரு பக்கமும் 27 பாகை வரை ஊசலாடித் திரும்பிவிடும். 30ஐத் தொடுவதே இல்லை. ஆகவே அந்த நூலின் யுகக் கணக்கையும் கும்ப யுகக் கதையையும் ஒன்றாகக் கலப்பது பொருந்தாது.

இனி வரலாறு. லாகிரிப்படி மேஷ யுகம் கி.மு. 19ஆம் நூற்றாண்டு முதல் கி.பி. 285 வரை, பிறகு மீனம். வழக்கமாகச் சொல்லப்படும் கதை இது: ரிஷபத்தில் காளை வழிபாடு, மேஷத்தில் ஆட்டுக்கடா, மீனத்தில் கிறிஸ்தவரின் மீன் சின்னம். ஆனால் எகிப்தின் ஆபிஸ் காளை வழிபாடு மேஷ யுகம் முழுக்கத் தொடர்ந்து ரோமர் ஆட்சியிலும் இருந்தது. மீன் சின்னமோ கி.பி. 200 வாக்கிலேயே புழக்கத்தில் இருந்தது. இப்படி இடித்தால் உடனே "சந்திக் காலம்", அதாவது இரு யுகங்கள் கலக்கும் இடைக்காலம், என்பார்கள். அந்தச் சந்திக் காலத்துக்கும் ஓர் அளவு வேண்டும். எல்லையின் இருபுறமும் ஒரு பாகை, மொத்தம் 143 ஆண்டு என்பது நியாயம். இருபுறமும் 500 ஆண்டு கொடுத்தால் யுகத்தில் பாதி சந்தியாகிவிடும், எதையும் எதோடும் பொருத்தலாம்.

"விழிப்பு", "ஒருமை" போன்ற சொற்களை வைத்து ஒப்பிட முடியாது. காலம் குறிக்கக்கூடிய நிகழ்வுகள் தேவை. மூன்றை எடுத்துப் பாருங்கள். சுமேரிய எழுத்து கி.மு. 3200 வாக்கில். புத்தர், கன்பூசியஸ், கிரேக்கச் சிந்தனையாளர்கள் வாழ்ந்த, ஜெர்மன் தத்துவவாதி கார்ல் யாஸ்பர்ஸ் அச்சுக் காலம் (Axial Age) என்று அழைத்த கி.மு. 800 முதல் 200 வரையிலான காலம். கூட்டன்பர்க்கின் அச்சகம், 1450கள். மூன்றுமே யுக எல்லையில் விழவில்லை, ஏறத்தாழ யுகத்தின் நடுப்பகுதியில் விழுகின்றன. "அப்படியானால் திருப்பம் நடுவில்தான் வரும்!" என்று மனம் துள்ளும். அங்கேதான் நிறுத்த வேண்டும். மூன்று நிகழ்வுகளை நாமே பொறுக்கினோம், விதியையும் பார்த்த பிறகு எழுதினோம்.

இதைத் தவிர்க்க, யுக எல்லை தெரியாத ஒருவரிடம் 20 நிகழ்வுகளைப் பட்டியலிடச் சொல்லுங்கள். எந்த நிகழ்வு எந்த ராசியின் குணத்தோடு சேரும் என்பதையும், ஆண்டுகளை மறைத்து வைத்து, அவரே குறிக்கட்டும். எத்தனை பொருந்துகின்றன என்று எண்ணுங்கள். அடுத்து எல்லா எல்லைகளையும் 700 ஆண்டு தள்ளி, பிறகு 1,400 ஆண்டு தள்ளி, அதே பட்டியலை மறுபடி எண்ணுங்கள். தள்ளிய எல்லைகளிலும் எண்ணிக்கை குறையாவிட்டால், பொருத்தம் வானத்திலிருந்து வரவில்லை. குறைந்தால், வேறொருவரின் பட்டியலோடு முதலிலிருந்து செய்துபாருங்கள்.