‘அப்பா பிதாவே’: ஒலியை நம்பிச் செய்யும் பிழைகள்

தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பில் ‘அப்பா பிதாவே’ என்று படித்திருப்பீர்கள். மாற்கு 14:36, ரோமர் 8:15, கலாத்தியர் 4:6 ஆகிய இடங்களில் வருகிறது. ஒரே பொருளை ஏன் இரண்டு முறை சொல்கிறார்கள்? முதல் சொல்லைத் தமிழ் என்று எடுத்துக்கொள்வதுதான் இங்கே நேரும் முதல் பிழை. அது இயேசு பேசிய அரமேய மொழிச் சொல். ‘அம்பு’ என்பதில் ‘பு’வுக்குக் கேட்கும் மெல்லிய ஒலியை (ஆங்கில b) இரட்டித்து ‘அப்பா’ என்று உச்சரித்தால் அதற்கு நெருக்கமாக வரும். கிரேக்கத்தில் எழுதியவர்கள் அந்த ஒலியை அப்படியே வைத்துக்கொண்டு, பக்கத்திலேயே ‘ஹோ பதேர்’, அதாவது தந்தை, என்று பொருளையும் சேர்த்தார்கள்.

சரி, ஒலி இவ்வளவு ஒத்திருப்பதால் தமிழிலிருந்து அங்கே போனது, அல்லது அங்கிருந்து இங்கே வந்தது என்று பலர் உறுதியாகச் சொல்கிறார்கள். இதை நம்பவே வேண்டாம். குழந்தை வாய்க்கு முதலில் எளிதாக வருவது உதட்டில் பிறக்கும் ப, ம ஒலிகள். பெற்றோர் அவற்றைத் தங்களுக்கான பெயராக எடுத்துக்கொள்கிறார்கள். யார் எதை எடுப்பது என்பது மொழிக்கு மொழி மாறும். ஜார்ஜிய மொழியில் ‘மாமா’ என்றால் தந்தை, ‘தேதா’ என்றால் தாய். அவ்வளவு தூரம் போவானேன், நம் திராவிடக் குடும்பத்துத் துளுவில் ‘அப்பெ’ என்றால் தாய், ‘அம்மெ’ என்றால் தந்தை! ஒலியை மட்டும் பிடித்துக்கொண்டு உறவு சொன்னால் துளுவர் வீட்டிலேயே மாட்டிக்கொள்வோம்.

பிரசங்கங்களில் இன்னொன்று கேட்கலாம்: அந்த அரமேயச் சொல் சின்னக் குழந்தையின் மழலை, ‘டாடி’ போன்றது என்று. கேட்க இனிமையாக இருக்கிறது, ஆனால் சரியில்லை. வளர்ந்தவர்களும் தந்தையை அப்படித்தான் அழைத்தார்கள். விவிலிய அறிஞர் ஜேம்ஸ் பார் 1988இல் இதை விரிவாக எடுத்துக்காட்டினார். எனக்கு வலுவாகத் தோன்றுவது கிரேக்கச் சான்று. அந்த மொழியில் ‘பாப்பாஸ்’ என்ற மழலைச் சொல் இருந்தும், புதிய ஏற்பாடு அதைத் தொடவில்லை; ‘பதேர்’ என்றே எழுதியது.

அந்தப் ‘பாப்பாஸ்’ வேறு வழியில் பெரிய இடத்துக்குப் போனது. லத்தீனில் ‘பாப்பா’வாகி, ஆங்கிலத்தில் ‘போப்’ ஆனது. ரோமாபுரிக்கு மட்டும் உரிய பட்டம் என்று நினைக்க வேண்டாம். எகிப்தின் காப்டிக் திருச்சபைத் தலைவரும் இன்றுவரை போப்தான். 1886இல் திருக்குறளை ஆங்கிலத்தில் வெளியிட்ட ஜி.யு. போப்புக்கு அது குடும்பப் பெயர். அவர் கத்தோலிக்கரும் அல்ல, ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தவர்.

அப்புறம் ‘பாதிரி’. வெள்ளைக்காரர் என்றாலே ஆங்கிலம் என்று நினைத்து, இதையும் ஆங்கிலக் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். இது போர்த்துகீசியரின் ‘பாத்ரே’. அதற்கும் தந்தை என்றே பொருள். திருப்பாதிரிப்புலியூரில் உள்ள ‘பாதிரி’யோ மரத்தின் பெயர், நம் பழைய தமிழ்ச் சொல். கிறித்தவக் குருமாருக்கும் அந்த ஊர்ப் பெயருக்கும் தொடர்பில்லை.