சிக்கன் டோர்ட்டியா சூப் வீட்ல பண்ணும்போது எங்க சொதப்புது, ஏன் சொதப்புது

ஹூஸ்டன்ல எங்க பக்கத்து வீட்ல ஒரு அம்மா இருக்காங்க, மெக்சிகோவுல புவெப்லா பக்கத்துக்காரங்க. ஒருநாள் அவங்க கிச்சன்ல நின்னு பேசிட்டு இருந்தப்ப மிக்ஸில அரைச்ச தக்காளி மிளகாய் விழுதை அப்படியே காஞ்ச எண்ணெய்ல ஊத்துனாங்க, சுர்ர்ருன்னு ஒரு சத்தம், அடுப்பு சுவரெல்லாம் செவப்பு புள்ளி, அவங்க பாட்டுக்கு கரண்டியைப் போட்டு கிண்டிட்டே இருந்தாங்க. ரெண்டு நிமிஷம் இல்லைங்க, பத்து நிமிஷம். ஆரஞ்சு கலர்ல இருந்தது செங்கல் கலராகி, அப்புறம் அதைவிட கருத்து, கரண்டியால இழுத்தா சட்டி அடி தெரியற அளவுக்கு சுண்டி, ஓரத்துல எண்ணெய் பிரிஞ்சு நின்னுச்சு. அதுக்கப்புறம்தான் சிக்கன் வேக வச்ச தண்ணியை ஊத்துனாங்க. நான் அதுவரைக்கும் ரெண்டு வருஷமா அந்த விழுதை நேரா தண்ணியில கலந்து கொதிக்க விட்டுட்டு ஏன் பச்சை வாசனை போகவே மாட்டேங்குதுன்னு யோசிச்சுட்டு இருந்தேன்.

இதைத்தான் நான் முதல் தவறா சொல்வேன். நம்ம வீட்ல குழம்புக்கு அரைச்ச மசாலாவை எண்ணெய் பிரியற வரைக்கும் வதக்கணும்னு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல, ஆனா பேர்ல சூப்புன்னு இருக்கறதால கை தானா லேசாகிடுது, எல்லாத்தையும் ஒரு பாத்திரத்துல கொட்டி கொதிக்க விட்டா போதும்னு நினைச்சுடறோம். இது அந்த மாதிரி சூப் இல்லைங்க. மெக்சிகோ சிட்டி பக்கம் இதை சோப்பா அஸ்டெக்கான்னும் சொல்வாங்க, அங்க இதோட உயிரே வறுத்த மிளகாய் விழுதும் சோள டோர்ட்டியாவும்தான் (டோர்ட்டியான்னா மெக்சிகோக்காரங்களோட மெல்லிசு ரொட்டி), சிக்கன் துண்டு போடாமலே கூட பண்ணுவாங்க. ரெண்டு டேபிள்ஸ்பூன் எண்ணெய், கனமான பாத்திரம், எண்ணெய் நல்லா காஞ்சிருக்கணும், விழுது விழுந்த உடனே சத்தம் வரணும். சத்தம் வரலைன்னா அது வதங்காது, சும்மா வேகும்.

விழுதுக்குப் போற தக்காளியை பச்சையா அரைக்காதீங்க. நாலு பேருக்கு அரை கிலோ தக்காளி, பாதி வெங்காயம், உரிக்காத பூண்டு மூணு பல், எல்லாத்தையும் எண்ணெய் இல்லாம தோசைக்கல்லுல போட்டு திருப்பித் திருப்பி சுடணும் (அவங்க கொமால்னு சொல்ற கல்லும் கிட்டத்தட்ட நம்ம தோசைக்கல்தான்). தோல் அங்கங்க கருகி கொப்புளம் வந்து உள்ள தளதளன்னு ஆகணும். கருகின தோலையும் சேர்த்தே அரைக்கலாம், அந்த சுட்ட வாசனைதான் வேணும். டின் தக்காளி வச்சும் பண்ணலாம், தப்பில்ல, ஆனா வதக்கற நேரத்தை கூட்டிக்கோங்க.

இப்ப மிளகாய். இங்கதான் நம்ம ஆளுங்க ரொம்ப தைரியமா தப்பு பண்றோம், ஏன்னா மிளகாயைப் பத்தி நமக்கு தெரியாததான்னு ஒரு நினைப்பு. மிளகாய் நம்ம ஊருக்கு வந்ததே 16ஆம் நூற்றாண்டுல போர்த்துகீசியர் மூலமாத்தான், அது பொறந்த மண்ணு மெக்சிகோ பக்கம், அங்க ஒவ்வொரு காஞ்ச மிளகாய்க்கும் தனித்தனி பேரும் தனித்தனி வேலையும் இருக்கு. இந்த சூப்புக்கு வழக்கமா போடறது பசீயா, நீளமா கருப்பா சுருங்கி இருக்கும், காரம் கம்மி. கூட ஆஞ்சோ ஒண்ணு போடலாம், அது பொப்லானோ மிளகாயை பழுக்க விட்டு காய வச்சது, கிள்ளி மோந்து பார்த்தா உலர்திராட்சை வாசனை அடிக்கும். புகை வாசனை வேணும்னா சிபோட்லே, அது ஹாலபீன்யோவை புகையில காய வச்சது, அது கொஞ்சம் காரம். இவங்க மிளகாயைத் தேடறது காரத்துக்கு மட்டும் இல்ல, ருசிக்கும் கலருக்கும் கெட்டித்தன்மைக்கும் சேர்த்து. அதை விட்டுட்டு ரெண்டு ஸ்பூன் நம்ம மிளகாய்த்தூளைப் போட்டா காரம் வரும், சூப் வராது.

சென்னையிலயோ மதுரையிலயோ பசீயா கிடைக்காது, உண்மைதான். ஆன்லைன்ல கிடைச்சாலும் விலை கடிக்கும். அப்ப குண்டு மிளகாய் வேண்டாம், பேடகி மிளகாய் நாலஞ்சு எடுத்துக்கோங்க, காரம் கம்மி, கலர் நல்லா இருக்கும், விதையை உதறிடுங்க. அதே ருசி வராது, ஆனா நோக்கம் கெடாது.

மிளகாயை வறுக்கற விஷயம் நொடிக் கணக்கு. காம்பை கிள்ளி விதையை எடுத்துட்டு கல்லுல போட்டு கரண்டியால லேசா அமுக்கினா பத்து பதினஞ்சு நொடியில வாசனை வரும், அந்த வாசனை வந்ததும் திருப்பணும், இன்னொரு பத்து நொடி, எடுத்துடணும். கருப்பு மிளகாயா இருக்கறதால கருகினது கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்குத்தான் தெரியும். தொண்டையில கமறி இருமல் வந்தா முடிஞ்சுது, அந்த மிளகாயை வீசிட்டு வேற எடுங்க, அந்தக் கசப்பை சர்க்கரையோ தக்காளியோ எதுவும் மறைக்காது. வறுத்ததை சுடுதண்ணியில இருபது நிமிஷம் ஊற வச்சு அரைக்கணும். ஊற வச்ச தண்ணியை சத்துன்னு சொல்லி அப்படியே ஊத்தற பழக்கம் நமக்கு உண்டு, முதல்ல ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பாருங்க, கசந்தா கீழ ஊத்திட்டு நல்ல தண்ணியில அரைங்க. அரைச்சதும் வடிகட்டணும், மிளகாய்த் தோல் துணுக்கு தொண்டையில ஒட்டும். ஒரு மிளகாயை மட்டும் தனியா வச்சு, மெல்லிசா வளையம் வளையமா கத்தரிக்கோல்ல வெட்டி, எண்ணெய்ல நாலு நொடி போட்டு எடுத்து வச்சுக்கோங்க, கடைசியா மேல தூவறதுக்கு. மொறுமொறுன்னு இருக்கற அந்த நாலு துண்டுக்காகவே நான் இந்த சூப்பை வைப்பேன்.

மசாலா டப்பாவை பக்கத்துல வச்சுக்காதீங்க. கரம் மசாலா வேண்டாம், சிக்கன் மசாலா வேண்டாம், இஞ்சி பூண்டு விழுது வேண்டாம், மஞ்சள்தூளும் வேண்டாம். சீரகம் டெக்சாஸ் பக்கம் தாராளமா போடுவாங்க, எங்க பக்கத்து வீட்டு அம்மா போடவே மாட்டாங்க. போடறதா இருந்தா கால் டீஸ்பூனோட நிறுத்துங்க, தக்காளி புளிப்பு, பூண்டு, கொத்தமல்லி எல்லாம் ஏற்கனவே இருக்கு, சீரகம் கூடிச்சுன்னா வீட்டுக்குள்ள வர்றவங்க ரசமான்னுதான் கேட்பாங்க. அவங்க எபாசோட்டேன்னு ஒரு கீரைத்தழை போடுவாங்க, வாசனை தூக்கலா இருக்கும், கிடைச்சா ரெண்டு கொத்து போடுங்க, கிடைக்கலைன்னா விட்டுடுங்க, அதுக்கு பதிலா கறிவேப்பிலை போடலாமான்னு என்கிட்ட கேட்டாங்க, வேண்டாம்.

அடுத்தது டோர்ட்டியா, சூப்புக்கு பேர் குடுத்ததே அதுதான். கடையில டோர்ட்டியான்னு எழுதி இருக்கற பாக்கெட்டை எல்லாம் எடுத்துட்டு வராதீங்க, நம்ம ஊர் சூப்பர் மார்க்கெட்ல அந்தப் பேர்ல இருக்கறது பெரும்பாலும் மைதா, உள்ள ஏதாவது வச்சு ரோல் மாதிரி சுத்தறதுக்கு. மைதா டோர்ட்டியாவை வறுத்துப் போட்டா சூப்புல விழுந்த உடனே கொழகொழன்னு ஆகிடும். வேண்டியது சோள டோர்ட்டியா, நான் சொல்றது மக்காச்சோளம். அதுலயும் ஒரு விஷயம் இருக்கு. அவங்க மக்காச்சோளத்தை சும்மா காய வச்சு அரைக்கறது இல்ல, சுண்ணாம்பு கலந்த தண்ணியில வேக வச்சு, ராத்திரி முழுக்க அதுலயே ஊற விட்டு, காலையில தோலைக் கழுவி எடுத்துட்டு அரைப்பாங்க. நம்ம வெத்தலைக்கு தடவற அதே வகை சுண்ணாம்புதான். அந்த சுண்ணாம்புதான் சோளத்துக்கு அந்தத் தனி வாசனையைக் குடுக்குது, மாவு பிடிச்சா உதிராம நிக்குது, அதோட சோளத்துல மாட்டிக்கிட்டு இருக்கற நியாசின் சத்து உடம்புல சேருது. ஐரோப்பாக்காரங்க சோளத்தை மட்டும் எடுத்துட்டுப் போனாங்க, இந்த சுண்ணாம்பு வேலையை எடுத்துட்டுப் போகல, சோளத்தையே முக்கிய சாப்பாடா வச்சிருந்த ஏழைங்க பெலாக்ரான்னு ஒரு நோய்ல விழுந்தாங்க. ஒரு கை சுண்ணாம்புல இவ்வளவு இருக்கு!

அதனால வட இந்தியாவுல ரொட்டி சுடற மக்காச்சோள மாவை வாங்கி டோர்ட்டியா தட்டலாம்னு பார்த்தா அது விரிசல் விட்டு உடையும், வாசனையும் வராது. கஞ்சி மாதிரி திக் பண்ண போடற வெள்ளை கார்ன்ஃப்ளோர் அதுக்கு சம்பந்தமே இல்லாதது. மாசா ஹரீனான்னு பாக்கெட் கிடைச்சா வாங்குங்க, அது சுண்ணாம்புல வெந்த சோளத்தோட காஞ்ச மாவு, வெந்நீர் விட்டு பிசைஞ்சா போதும்.

வறுக்கறதுக்கு புதுசா சுட்ட டோர்ட்டியாவை எடுக்காதீங்க, ஈரம் இருந்தா எண்ணெயை குடிச்சு தோல் மாதிரி இழுக்கும். நேத்தைய டோர்ட்டியாதான் நல்லது, இல்லைன்னா விரல் அகலத்துல பாதிக்கு கீத்து கீத்தா வெட்டி ஃபேனுக்கு அடியில ஒரு மணி நேரம் பரப்பி வைங்க. எண்ணெய் காஞ்சுதான்னு ஒரு துண்டு போட்டுப் பாருங்க, உடனே நுரைச்சு மேல வரணும். ஒரேயடியா கொட்டாம கை கையா போடுங்க, நுரை அடங்கி பொன்னிறத்துக்கு கொஞ்சம் முன்னாடியே எடுத்துடுங்க, வெளிய வந்தும் கலர் கொஞ்சம் ஏறும். சூடா இருக்கும்போதே உப்பு தூவுங்க. பாக்கெட் சிப்ஸை நொறுக்கிப் போடறவங்க நிறைய, அவசரத்துக்கு சரி, ஆனா அதுல இருக்கற உப்பு மொத்தமும் சூப்புல இறங்கும், அப்ப சூப்புல உப்பைக் குறைச்சு வைக்கணும். அப்புறம் வறுத்த துண்டுல ஒரு பிடியை எடுத்து தக்காளி மிளகாயோட சேர்த்தே அரைச்சுடுங்க, சூப்புக்கு உடம்பு வரும், வேற மாவு எதுவும் கரைச்சு விட வேண்டாம்.

சிக்கன்ல எலும்பில்லாத நெஞ்சுக்கறியை மட்டும் வாங்கறதுதான் பெரிய தப்பு. எலும்போட தொடை, எலும்போட நெஞ்சு ரெண்டும் கலந்து ஒரு முக்கால் கிலோ, பச்சைத் தண்ணியில இருந்தே அடுப்புல வைங்க, வெங்காயம் பாதி, பூண்டு, உப்பு கொஞ்சம், மேல வர்ற நுரையை எடுத்துடுங்க. தளதளன்னு கொதிக்கக் கூடாது, ஓரத்துல ஒண்ணு ரெண்டு குமிழி வந்தா போதும், வேகமா கொதிச்சா தண்ணி கலங்கும், நெஞ்சுக்கறி சணல் மாதிரி ஆகும். தெர்மாமீட்டர் இருந்தா நெஞ்சுக்கறி நடுவுல 74 டிகிரி செல்சியஸ் தொட்டதும் எடுத்துடுங்க, தொடை இன்னும் கொஞ்ச நேரம் கிடக்கட்டும். குக்கர்ல நாலு விசில் விட்டா பிராய்லர் கரைஞ்சே போகும். நாட்டுக்கோழின்னா கதை வேற, அதுக்கு நேரம் வேணும், தண்ணி அருமையா இருக்கும். ஆறினதும் கையால நார் நாரா பிச்சு வச்சுக்கோங்க, சூப் கொதிச்சு முடிச்சு இறக்கறதுக்கு முன்னாடிதான் சேர்க்கணும், முதல்லயே போட்டு அரை மணி நேரம் கொதிக்க விட்டா அந்தக் கறியில ருசி ஒண்ணும் மிஞ்சாது. வதக்கின விழுதுல ஒன்னரை லிட்டர் ஸ்டாக் (அதாவது இந்த சிக்கன் வெந்த தண்ணி) ஊத்தி இருபது நிமிஷம் சின்ன தீயில விட்டா போதும்.

பரிமாறும்போது எல்லாத்தையும் பெரிய பாத்திரத்துலயே போட்டு கலக்கிடறது நம்ம பழக்கம், இந்த சூப்புக்கு அது ஒத்து வராது. கிண்ணத்துல முதல்ல கொஞ்சம் டோர்ட்டியா, மேல சூப், அப்புறம் சீஸ், அவகாடோ, க்ரீம், வறுத்த மிளகாய், மறுபடி கொஞ்சம் டோர்ட்டியா, எலுமிச்சை பிழிஞ்சு உடனே சாப்பிடணும். அவகாடோவை கொதிக்கிற சூப்புல போட்டா கசக்கும். எலுமிச்சையும் அப்படித்தான், அடுப்புல இருக்கும்போது பிழிஞ்சா அந்த வாசனை ஆவியோட போயிடும். புளிச்ச க்ரீமை பாத்திரத்துல ஊத்தி கொதிக்க விட்டா திரியும். சீஸுக்கு அவங்க போடறது கேசோ ஃப்ரெஸ்கோ, உருகாத வெள்ளை சீஸ், நம்ம பன்னீர் அதுக்கு ரொம்ப கிட்ட வரும், உப்பு மட்டும் தூவி உதிர்த்துக்கோங்க. செடார் போட்டா கரண்டியோட நூல் நூலா இழுத்துட்டு வரும், டெக்சாஸ்ல அதைத்தான் விரும்பி சாப்பிடறாங்க, எனக்குப் பிடிக்கல.

டெக்சாஸ் பக்கம் கருப்பு பீன்ஸ், சோள முத்து எல்லாம் போட்டு சாப்பாடு மாதிரியே கெட்டியா பண்ணுவாங்க. அதுவும் ஒரு வகைதான், தப்புன்னு சொல்ல மாட்டேன், பசங்களுக்கு வயிறு நிறையும். டின் பீன்ஸ் போடறீங்கன்னா மட்டும் அதுல இருக்கற கொழகொழ தண்ணியை கழுவிட்டுப் போடுங்க, இல்லைன்னா சூப் சாம்பல் கலருக்கு மாறி அத்தனை நேரம் வதக்கின கலர் போயிடும்.

மிச்சம் இருந்தா சூப் தனி, வறுத்த டோர்ட்டியா தனி. ஒண்ணா ஃப்ரிட்ஜ்ல வச்சா காலையில கூழ்தான் இருக்கும். சூப் ரெண்டு மணி நேரத்துக்கு மேல வெளிய இருக்கக் கூடாது, கோழித் தண்ணி சீக்கிரம் கெடும். நான் இப்பெல்லாம் விழுதை ரெண்டு மடங்கா வதக்கி, ஸ்டாக் ஊத்தறதுக்கு முன்னாடியே பாதியை எடுத்து ஃப்ரீசர்ல வச்சுடறேன். மறுநாள் காலையில அதுல கால் டம்ளர் தண்ணி விட்டு சூடு பண்ணி, மிச்ச டோர்ட்டியா துண்டை அதுல பிரட்டி, மேல ஒரு முட்டையை பொரிச்சு வச்சா சிலாகீலஸ் ரெடி, பக்கத்து வீட்டு அம்மா வீட்ல ஞாயித்துக்கிழமை காலை டிபனே அதுதான்.