ஃபர்கிவிங் டிரைவர் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோல்ஃப் பையில் இருக்கும் கிளப்களிலேயே (மட்டைகளிலேயே) நீளமானது டிரைவர். பெரும்பாலும் விலை அதிகமானதும் அதுதான். புதிதாக ஆடுபவர்களுக்கு அதிகம் சொதப்புவதும் அதுதான் என்பதால், கடைக்காரர் ‘ஃபர்கிவிங்’ (பிசகிய அடியையும் மன்னிக்கும்) என்று சொன்னதும் பர்ஸைத் திறந்துவிடுகிறார்கள். அந்த டிரைவர் எதைக் காப்பாற்றும், எதைக் காப்பாற்றாது என்று யாரும் கேட்பதில்லை.

பந்து ஃபேஸின் (கிளப்பின் தலையான ஹெட்டில் பந்தை அடிக்கும் முகத்தின்) நடுவில் படாமல் டோ பக்கமோ (ஷாஃப்ட் என்ற தண்டிலிருந்து தள்ளிய முனை) ஹீல் பக்கமோ (தண்டை ஒட்டிய முனை) பட்டால், ஹெட் கையில் முறுக்கிக்கொள்ளும். வேகமும் போகும், திசையும் கெடும். எடையை ஓரங்களுக்கும் பின்பக்கத்துக்கும் தள்ளி, அந்த முறுக்கலைக் குறைத்துச் செய்த ஹெட்தான் ஃபர்கிவிங். அவ்வளவுதான். அடிக்கும் நேரத்தில் ஃபேஸ் வலது பக்கம் திறந்திருந்தால், எந்த ஹெட்டும் பந்தை ஃபேர்வேக்கு (நடுவில் புல்லைக் குட்டையாக வெட்டிய பாதைக்கு) கொண்டுவராது. (இங்கே சொல்வதெல்லாம் வலதுகைக்காரர்களுக்கு. இடதுகைக்காரர்கள் திசையை மாற்றிக்கொள்ளுங்கள்.)

இந்த முறுக்கலை எதிர்க்கும் திறனைத்தான் எம்.ஓ.ஐ. என்கிறார்கள். எண் பெரிதாக இருந்தால் நல்லது என்பது சரிதான். ஆனால் ‘10கே’ (பத்தாயிரம்) என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். யு.எஸ்.ஜி.ஏ., ஆர்&ஏ என்ற கோல்ஃப் விதி அமைப்புகளின் விதிப்படி டோ–ஹீல் திசையில் 5,900 கிராம்-சதுர சென்டிமீட்டர்தான் உச்சவரம்பு, அளவீட்டுச் சலுகையாக இன்னொரு 100. 2024இல் வந்த பிங் ஜி430 மேக்ஸ் 10கே, டெய்லர்மேட் க்யூஐ10 மேக்ஸ் இரண்டும் சொன்ன பத்தாயிரம், மேல்–கீழ் திசை எண்ணையும் சேர்த்துக் கூட்டியது. இரண்டும் நல்ல டிரைவர்கள்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் உச்சவரம்பு பல வருடங்களாக மாறவில்லை, ஹெட்டின் கொள்ளளவும் 460 சிசியிலேயே நிற்கிறது. நாலைந்து வருடம் பழைய மாடல் ஒன்று பாதி விலைக்குக் கிடைத்தால், இழப்பது நினைப்பதைவிடக் குறைவு.

பணத்தை ஹெட்டில் கொட்டிவிட்டு லாஃப்டில் (ஃபேஸ் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும் கோணத்தில்) கோட்டை விடுவதுதான் பெரிய தவறு. 9 டிகிரி என்றால் கெத்து, 12 டிகிரி என்றால் வயசானவர் கிளப் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான பி.ஜி.ஏ. டூர் ஆட்டக்காரர்களின் சராசரி ஸ்விங் வேகம் மணிக்கு 115 மைலை ஒட்டி இருக்கும். 90 மைலில் சுற்றுகிறவர் அவர்களுடைய லாஃப்டை எடுத்தால், பந்து போதிய உயரம் ஏறாமலே இறங்கிவிடும். அந்த வேகத்துக்கு 10.5 முதல் 12 வரை என்பது நியாயமான தொடக்கம். வேகம் இன்னும் குறைவென்றால் அதற்கு மேலும் போகலாம். இதில் ஸ்லைஸ் (வலது பக்கம் வளைந்து போகும் அடி) அடிப்பவர்களுக்கு இன்னொரு லாபமும் உண்டு. லாஃப்ட் கூடினால் பந்தின் பின்சுழற்சி கூடும். ஃபேஸ் அதே அளவு திறந்திருந்தாலும் சுழலும் அச்சு குறைவாகவே சாயும். பந்து வலது பக்கம் வளைவதும் குறையும்.

ஹெட்டும் ஷாஃப்டும் சேரும் கழுத்தில் ஸ்க்ரூ வைத்து லாஃப்டை மாற்றும் டிரைவர்களில் ஒரு கண்ணி இருக்கிறது. லாஃப்டைக் கூட்டினால் ஃபேஸ் சற்று மூடிக்கொள்ளும், குறைத்தால் திறக்கும். தூரம் வேண்டும் என்று லாஃப்டைக் குறைக்கும் ஸ்லைஸ்காரர், தன் ஸ்லைஸுக்குத் தானே தீனி போடுகிறார். அப்புறம், ஆட்டத்தின் நடுவே அந்த ஸ்க்ரூவைத் திருகி அமைப்பை மாற்ற விதி அனுமதிக்காது.

அடுத்தது நீளம். கடையில் வரும் டிரைவர்கள் பெரும்பாலும் 45.5 அங்குலமோ அதற்கு மேலோ. தினமும் பயிற்சி செய்யும் தொழில்முறை ஆட்டக்காரர்கள் பலர் இதைவிடக் குட்டையாக வைத்திருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆடுகிறவருக்கு ஏன் இவ்வளவு நீளம்? கடையில் ஒரே ஒரு நல்ல அடி விழுந்தால் திரையில் தூரம் பெரிதாகத் தெரியும் என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தோன்றவில்லை. ஷாஃப்ட் குட்டையானால் பந்து நடுவில் படுவது பலருக்கும் எளிதாகும். சோதிக்கச் செலவே இல்லை: கிரிப்பில் ஓர் அங்குலம் கீழே இறக்கிப் பிடித்து அடித்துப் பாருங்கள். பலன் தெரிந்தால் அப்புறம் வெட்டலாம். வெட்டிய பின் ஹெட் லேசாகத் தோன்றும், கொஞ்சம் எடை சேர்க்க வேண்டி வரும்.

ஷாஃப்டின் விறைப்பைக் காட்டும் ஆர் (ரெகுலர்), எஸ் (ஸ்டிஃப்) எழுத்துகளுக்குப் பொது அளவுகோல் கிடையாது. ஒரு நிறுவனத்தின் ஆர், இன்னொன்றின் எஸ் அளவுக்கு விறைப்பாக இருக்கலாம். எழுத்தை நம்பாதீர்கள், அடித்துப் பார்த்து எடுங்கள்.

அடித்துப் பார்ப்பதிலும் ஒரு தப்புக்கணக்கு உண்டு. பத்து அடியில் மிகத் தூரம் போன ஒன்றை வைத்து முடிவெடுக்கிறார்கள். ஃபர்கிவிங் டிரைவர் வாங்க வந்தவர் பார்க்க வேண்டியது மோசமான நான்கைந்து அடிகளை: எவ்வளவு தூரம் குறைந்தது, எவ்வளவு விலகியது. அடியை அளக்கும் லாஞ்ச் மானிட்டரில் மொத்தத் தூரத்தை விட்டுவிட்டு, பந்து காற்றில் போன தூரத்தைப் பாருங்கள். தரையில் உருள்வது அந்த இயந்திரத்தின் கணிப்பு மட்டும்தான். பந்தில் போர்டு மார்க்கரால் ஒரு புள்ளி வைத்து, அதை ஃபேஸ் பக்கம் திருப்பி அடித்தால் எங்கே படுகிறது என்ற அடையாளம் பதியும். எல்லாமே ஹீல் பக்கம் பதிந்தால், முதலில் பந்துக்கும் உங்களுக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யுங்கள். புது டிரைவர் பிறகு.

பெயரில் எல்.எஸ். என்றிருந்தால் அது குறைந்த ஸ்பின்னுக்கானது, பொதுவாக வேகமாகச் சுற்றுபவர்களுக்கு. பல மாடல்கள் பார்க்க அழகாக, சிறிதாக இருக்கும், பெரும்பாலும் எம்.ஓ.ஐ.யை விட்டுக்கொடுத்துத்தான் அந்த அழகு வருகிறது. தீராத ஸ்லைஸ் என்றால் ஹீல் பக்கம் எடை வைத்த டிரா (பந்தை இடது பக்கம் வளைக்க உதவும்) வகை, உதாரணமாகப் பிங்கின் எஸ்.எஃப்.டி., கைகொடுக்கும். பந்து ஏற்கெனவே இடது பக்கம் ஓடுகிறவர் அதைத் தொடவே வேண்டாம்.

பழையது வாங்குபவர்கள் கவனிக்க: நம்ப முடியாத விலை என்றால் பெரும்பாலும் போலிதான், இந்தச் சந்தையில் போலிகள் நிறைய. ஃபேஸ் மட்டுமீறித் துள்ளும்படி செய்த ‘ஹை-சி.ஓ.ஆர்.’ டிரைவர்கள் நண்பர்களோடு ஆடப் பரவாயில்லை, விதிப்படி நடக்கும் போட்டியில் செல்லாது. யு.எஸ்.ஜி.ஏ., ஆர்&ஏ வெளியிடும் அங்கீகாரப் பட்டியலில் மாடலும் லாஃப்டும் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஷாஃப்டை மட்டும் தனியாக வாங்கினால், அதன் நுனியில் ஹெட்டோடு இணைக்க இருக்கும் அடாப்டர் உங்கள் ஹெட்டின் நிறுவனத்துடையதுதானா என்றும் கேளுங்கள். ஒரு நிறுவனத்தின் அடாப்டர் இன்னொன்றின் ஹெட்டில் பொருந்தாது.