நிறத்தை மட்டும் பார்த்துப் பெயர் சொல்லாதீர்கள்

மழைக்காலம் தொடங்கிவிட்டால் எங்களுடைய இயற்கை நடைகளுக்குப் புதியவர்கள் நிறைய வருவார்கள். ஆர்வத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் நிறம் விஷயத்தில் ஒவ்வோர் ஆண்டும் அதே தவறுகளைத்தான் பார்க்கிறேன். சத்தம் போடாதீர்கள், பளிச்சென்ற சட்டை வேண்டாம் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

நம் கண்ணை வைத்தே அளப்பது

இவ்வளவு பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் புலி எப்படி ஒளிய முடியும் என்று கேட்பார்கள். புள்ளிமானுக்கு அது ஆரஞ்சாகத் தெரிவதில்லை. நமக்கு நிறம் பிரிக்கும் கூம்பு செல்கள் மூன்று வகை, மானுக்கு இரண்டே வகை. ஆரஞ்சும் பச்சையும் அதன் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். மேலே உள்ள கறுப்பு வரிகள் உடம்பின் வடிவத்தையும் புல்லுக்குள் உடைத்துவிடுகின்றன. ஒரு விலங்கின் நிறத்தைப் பற்றி யோசிக்கும்போது, அதை எந்தக் கண் பார்க்கிறது என்று முதலில் கேளுங்கள்.

வரிப் பாம்பைக் கையில் எடுப்பது

இதை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது. ஒரு மழைக்காலத்தில் இளைஞர் ஒருவர் வாட்ஸ்ஆப் குழுவில் படம் போட்டார். கிணற்றடியில் சுருண்டு கிடந்த வரிப் பாம்பு. "வெள்ளிக்கோல் வரையன், விஷமில்லை. கையாலேயே எடுத்துத் தோட்டத்தில் விட்டுவிட்டேன்" என்று கீழே எழுதியிருந்தார். அதற்கு வரிசையாகப் பாராட்டு வேறு. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கழுத்தை ஒட்டி வரியே இல்லை. சற்றுத் தள்ளித் தொடங்கி, வால் பக்கம் போகப்போக மெல்லிய வெள்ளை வரிகள் இரண்டிரண்டாகத் தெளிவாக இருந்தன. அது கட்டுவிரியன்.

அவர் தப்பித்தது திறமையால் அல்ல. கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. பகலில் மந்தமாகச் சுருண்டு, தலையை உடம்புக்குள் மறைத்துக்கொண்டு கிடக்கும். அந்த அமைதியைச் சாதுத்தனம் என்று அவர் எடுத்துக்கொண்டார். அது கடித்தால் பெரிதாக வலியோ வீக்கமோ இருக்காது. தூக்கத்தில் கடிபட்டவர்களுக்குக் கடித்ததே தெரியாமல் போவதுண்டு. அப்புறம் வயிறு வலிக்கும், இமை தொங்கும், கடைசியில் மூச்சுத் தசைகள் செயலிழக்கும்.

வெள்ளிக்கோல் வரையனுக்கு வரிகள் கழுத்தருகிலேயே அகலமாகத் தொடங்கி, வால் பக்கம் மங்கும். கட்டுவிரியனுக்கு இது தலைகீழ். முதுகெலும்பின் மேல் அறுகோணச் செதில்கள் மற்றவற்றைவிடப் பெரிதாக ஒரே வரிசையில் ஓடும். ஆனால் இந்த அடையாளங்களைப் படத்தில் பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள். வரி மங்கிப்போன கட்டுவிரியன்களும் உண்டு, வரியே இல்லாதவையும் உண்டு. நல்ல பாம்பும் அப்படித்தான், கோதுமை நிறத்திலும் இருக்கும், கறுப்பாகவும் இருக்கும்.

விஷமில்லாத பாம்பு விஷப் பாம்பைப் போலத் தோன்றினால், தின்ன வரும் விலங்கு தயங்கும். அந்தத் தயக்கம்தான் அதன் பாதுகாப்பு. தப்பாகப் பார்த்தால் உயிரே போகும் என்ற நிலையில் இருக்கும் வேட்டை விலங்குகளையே குழப்புகிற ஒற்றுமை இது. டார்ச் வெளிச்சத்தில் ஒரு நொடி பார்த்துவிட்டு நாம் எப்படித் தீர்ப்புச் சொல்ல முடியும்? வீட்டுக்குள் வரிப் பாம்பு வந்தால் தள்ளி நின்று, தீயணைப்புத் துறையையோ வனத்துறையையோ கூப்பிடுங்கள். யாராவது கடிபட்டால், பெயர் கண்டுபிடிக்கக் காத்திருக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே போடும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்துத் தயாரிக்கப்படுவதுதான்.

இறக்கையை மட்டும் பார்ப்பது

வண்ணத்துப்பூச்சியிலும் இதே கதை, ஆபத்து மட்டும் இல்லை. ரோஜா அழகியின் புழு ஆடுதின்னாப்பாளையைத் தின்று அதன் நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொள்கிறது, அதனால் பறவைகள் அதை ஒதுக்குகின்றன. கறிவேப்பிலை அழகிக்கு அந்த நஞ்சு கிடையாது. ஆனால் அதன் பெண்களில் ஒரு வகை ரோஜா அழகியின் இறக்கையை அப்படியே காப்பியடித்திருக்கும். உடம்பைப் பாருங்கள்: சிவப்பாக இருந்தால் ரோஜா அழகி, கறுப்பாக இருந்தால் கறிவேப்பிலை அழகி.

பெண் பறவையை வேறு இனமாகக் குறிப்பது

ஆண் குயில் கறுப்பு. பெண் குயில் பழுப்பு, மேலே வெண்புள்ளிகள்.

பச்சோந்தியைத் துணி மேல் வைத்துச் சோதிப்பது

செய்யாதீர்கள். அது துணிக்கு ஏற்றபடி மாறாது. சூடு, பயம், சண்டை, இணை தேடல் இவற்றுக்குத்தான் மாறும்.

படத்தில் நிறத்தைக் கூட்டிவிட்டுப் பெயர் கேட்பது

எடுத்த படத்தை அப்படியே அனுப்புங்கள்.